போகாத ஊரில் அதிவேகமாம்: தப்பாக வந்த சலானுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சென்னையில் என் ஸ்கூட்டர் அதிவேகமாகப் போனதாகவும், ஆயிரம் ரூபாய் அபராதம் என்றும் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அந்த ஸ்கூட்டர் திருப்பூரைத் தாண்டியதே இல்லை. "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிடு, கோர்ட்டுக்கு யார் அலைவது?" என்கிறார் கணவர். கட்டிவிடலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில், இரண்டாவது முறை அதிவேகத்துக்குப் பிடிபட்டால் லைசென்ஸையே பிடித்து வைக்க வழி இருக்கிறது. செய்யாத தப்புக்கு அந்த முதல் கணக்கை நீங்கள் ஏன் தொடங்கி வைக்க வேண்டும்?

முதலில் சலான் நிஜமானதுதானா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் மோசடிச் செய்திகள் நிறைய வருகின்றன. வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது செயலி வந்திருந்தால் போனில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும், ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சலான் உண்மை என்றால், அதிலுள்ள போட்டோவை இறக்கி நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வழக்கே அந்தப் படத்தில்தான் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் வேறு எண் தெரிந்தால், கேமரா தப்பாகப் படித்திருக்கிறது. 8 என்பதை B என்றோ, M என்பதை N என்றோ எடுத்துக்கொண்டிருக்கலாம். இதைச் சரிசெய்வது ஓரளவு சுலபம்.

பிளேட்டில் அச்சாக உங்கள் எண்ணே இருந்து, வண்டி மட்டும் வேறு கம்பெனி, வேறு நிறம் என்றால் விஷயம் பெரிது. உங்கள் எண்ணை யாரோ தன் வண்டியில் மாட்டிக்கொண்டு திரிகிறார். நாளைக்கு அந்த வண்டி யார் மீதாவது மோதிவிட்டு ஓடினால், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில். அப்படி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உங்கள் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

எதுவானாலும், இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் முறையீடு போடுங்கள். கூடவே சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு ஒரு பக்க மனு எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சலான் எண், தேதி, நேரம், இடம், படத்தில் இருப்பது என் வண்டி இல்லை என்பதற்கான காரணம், இவ்வளவு போதும். ஆர்.சி. நகல், உங்கள் ஸ்கூட்டரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோக்கள், அன்று கம்பெனிக்கு வந்ததைக் காட்டும் வருகைப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். படம் தெளிவாக இல்லையென்றால் தெளிவான படம் கேளுங்கள். கேமரா மூலம் போடும் சலானில் நம்பர் பிளேட் தெரியும் படமும், கருவி அளந்த வேகமும், தேதி, நேரம், இடமும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தத் தேதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துப்பிழை இருக்கிறது என்பதற்காகவே சலான் ரத்தாகிவிடாது. இனிஷியல் மாறியிருக்கிறது, பழைய முகவரி இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. வண்டி உங்களுடையது, வேகமும் உண்மை என்றால் கட்டிவிடுவதுதான் நியாயம். ஆனால் வண்டியின் வகையே மாறியிருந்தால் கேட்கலாம். சென்னையில் 2023-இல் காருக்கு 60 கிலோமீட்டர், பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று வரம்பு வைத்தார்கள். 55-இல் போன காரை பைக் கணக்கில் சேர்த்துவிட்டால் அது எதிர்க்க வேண்டிய தவறு.

உங்கள் கணவரின் கவலையும் புரிகிறது. காவல்துறையிலேயே ரத்தாகிவிட்டால் கோர்ட் வேலையே இல்லை, அதனால்தான் மனுவை முதலில் சொன்னேன். அதற்குள் சலான், இணையத்திலேயே சலான் வழக்குகளைக் கவனிக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், அந்தத் தளத்தில் அபராதம் கட்டுவதற்கும் வழக்கை எதிர்ப்பதற்கும் தனித்தனி வாய்ப்பு இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அப்போது சென்னைக்குப் போகவோ வக்கீல் வைக்கவோ நேரலாம். ஆகவே இந்த வாரமே மனுவை அனுப்பிவிடுங்கள். பதில் வரவில்லை என்று சும்மா விட்டுவிடவும் வேண்டாம். சலான் நிலுவையில் கிடந்தால் பின்னால் பெயர் மாற்றம் போன்ற ஆர்.டி.ஓ. வேலைகள் சிக்கலாகும். தளத்தில் நிலவரத்தை அவ்வப்போது பார்த்து, ரத்து என்று வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.