கார்பன் ஹேண்டில்பார் உடைஞ்சதுக்கு சம்பளத்துல கை வைக்கலாமா?

சைக்கிள் கடை வேலையில கார்பன் ஹேண்டில்பார் உடைஞ்சுதுன்னு மொத்த 3,200 ராண்டையும் இந்த மாசமே உங்க ஓனர் சம்பளத்துல புடிக்க முடியாது தம்பி. தென்னாப்பிரிக்காவோட 1997 வேலைச் சட்டம் (BCEA) 34வது பிரிவுப்படி தப்பு உங்களுதுன்னு இருக்கணும், உங்க பக்கத்த சொல்ல விடணும், நீங்க எழுத்துல சம்மதிக்கணும், அப்பவும் சம்பளத்துல கால்வாசிக்கு மேல கூடாது. 6,000 வாங்குறீங்கன்னா 1,500 தான்.

ஹேண்டில்பார் விரிசல் விட்டது அநேகமா ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் புடிச்சிருக்குற பாகம்) போல்ட்ட வெறும் அல்லன் கீயால, அளவு பாக்காம கைக் கணக்குல ரொம்ப முறுக்குனதால. ஸ்டெம்லயே பாருங்க, எவ்வளவு முறுக்கலாம்னு 5 என்எம் (நியூட்டன் மீட்டர்) மாதிரி பொடி எழுத்துல இருக்கும். அந்த அளவுக்கு மட்டும் முறுக்குற டார்க் ரெஞ்ச் கடையில இருந்துச்சா, யாராச்சும் புடிக்கக் கத்துக்குடுத்தாங்களா? இல்லன்னா தப்பு உங்களுதுன்னு சொல்றது கஷ்டம், அத அப்படியே எழுதிக் குடுங்க, அந்த வேலைய குறிச்சு வச்ச ஜாப் கார்டையும் போட்டோ எடுத்து வைங்க. நான் டர்பன்ல சேந்தப்ப எனக்கும் ஒருத்தரும் சொல்லித்தரல, கார்பன்ல கிரீஸ் தடவி வழுக்குதேன்னு இன்னும் முறுக்குன ஆளு நான், அதுக்கு தனி பேஸ்ட் இருக்குன்னே அப்புறந்தான் தெரிஞ்சுது.

ஒண்ணு மட்டும், இந்தக் கடனைக் குறிச்சு ஏதாச்சும் பேப்பர் நீட்டுனா படிக்காம கையெழுத்து போட்றாதீங்க. ஏற்கனவே போட்டாச்சுன்னா கதை வேற, அந்தப் பேப்பரோட, வேலைத் தகராறப் பேசித் தீக்குற சிசிஎம்ஏ (CCMA) ஆபீசுக்குப் போய் கேளுங்க, புகார் குடுக்க காசு கிடையாது.