சத்து பவுடரை நிறுத்தீட்டு பசங்களுக்கு என்ன குடுக்கறது?

கேள்வி: அக்கா, நாங்க திருப்பூர்ல இருக்கறமுங்க. வீட்டுக்காரரு பனியன் கம்பெனில டைலரு, சனிக்கிழமை சம்பளம். பையனுக்கு பத்து வயசு, பாப்பாவுக்கு ஆறு, மாமியாரும் எங்க கூடத்தான். சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் 1,500 ரூபாய்க்கு மேல ஒதுக்க முடியலீங்க. பசங்க ஒல்லியா இருக்குதுன்னு மாசாமாசம் சத்து பவுடர் வாங்கறேன், அது ஒண்ணே 400 ரூபா புடிச்சுக்குது. நிறுத்தலாமுங்களா? நிறுத்துனா பதிலுக்கு என்ன குடுக்கட்டும்?

பதில்: தாராளமா நிறுத்துங்க அம்மணி. டப்பாவைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தை ஒருக்கா படிங்க, எது எடைல அதிகமோ அதத்தான் மொதல்ல போடோணும்னு சட்டமே இருக்குது, சக்கரை எத்தனாவதா வருதுன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே வெளங்கீரும். இந்த மாதிரி பவுடரையெல்லாம் ஹெல்த் டிரிங்க்னு போட்டு விக்காதீங்கன்னு 2024ல மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்கு சொல்லிருச்சு.

அந்த 400 ரூபாயை அப்படியே பயறுக்கும் முட்டைக்கும் திருப்புங்க. கொள்ளு கிலோ 100 ரூபான்னே வெச்சுக்கலாம், அப்போ 100 கிராம் 10 ரூபா, அதுல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்குது. முட்டை ஒண்ணுல 6 கிராம். நாமக்கல் நமக்கு பக்கம்தானே, 30 முட்டை டிரேவா வாங்குனா சில்லறைய விட கொறையும். பிரவுன் முட்டைக்குன்னு கூட காசு குடுக்காதீங்க, ஓட்டு கலர்ல சத்து மாறாது. பசங்க அரசுப் பள்ளிக்கூடம்னா மத்தியானம் முட்டை அங்கயே கெடைக்குது, அஞ்சாவது வரைக்கும் காலைச் சாப்பாடும் போடறாங்க, அப்போ வீட்டு முட்டை லீவு நாளுக்குப் போதும், மிச்சம் உங்களுக்கும் மாமியாருக்கும்.

கொள்ளை ராத்திரி ஊறப்போட்டு குக்கர்ல நல்லா வேகவிட்டு, தண்ணிய வடிச்சு ரசத்துக்கு எடுத்துக்கங்க, வெந்த கொள்ளோட வரமொளகா மல்லி சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டு அரைச்சு சுடுசோத்துல நல்லெண்ணெய் ஊத்தி பெசஞ்சு குடுங்க, ஒரே வேலைல கொழம்பும் ஆச்சு ரசமும் ஆச்சு. இன்னொரு நாள் பச்சப்பயிறு கடைஞ்சது, இன்னொரு நாள் தட்டப்பயிறு கத்திரிக்கா கொழம்பு. அரிசிம்பருப்புக்கு ரெண்டு டம்ளர் அரிசின்னா ஒரு டம்ளர் பருப்பு போடுங்க, பேருக்கு ஒரு கை போட்டா பத்தாது. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, வெளிய அதே பருப்பு நூறத் தாண்டித்தான் விக்குது, அதனால ஒரு மாசம் கூட விட்றாதீங்க. வரலைன்னு சும்மா திருப்பி அனுப்பீட்டே இருந்தா 1967க்கு போன் போட்டு சொல்லுங்க.

சாயந்தரம் அந்த பவுடர் குடிக்கற நேரத்துக்கு ராகிக்கூழ். 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்குதுங்க. கூட ஒரு கை அவிச்ச கடலக்கா. காய் வாங்க காலைல உழவர் சந்தைக்கு போங்க, போர்டுல அன்னைக்கு வெலை எழுதியிருக்கும், அதப் பாத்துட்டு எது கொறச்சலோ அதுல சமையல முடிவு பண்ணுங்க, லிஸ்ட் எழுதீட்டுப் போயி அதையே தேடாதீங்க. முருங்கைக்கீரை அக்கம்பக்கத்துல கேட்டாலே ஒடிச்சுக் குடுப்பாங்க. கீரை வெக்கற அன்னைக்கு சாப்பாட்டுல எலுமிச்சம்பழம் கொஞ்சம் புழிஞ்சுக்கங்க, இரும்புச்சத்து நல்லா ஒட்டும், சாப்புட்ட கையோட டீ குடிச்சா அது கெட்டுரும், மாமியாருகிட்ட ஒரு மணிநேரம் கழிச்சு குடிக்கச் சொல்லுங்க.

எல்லாருக்கும் போட்டுட்டு கடைசில சட்டிய வழிச்சு சாப்புடறதுதான் நம்ம பொம்பளைங்க வழக்கமே, அதையும் இதோட நிறுத்தோணும் அம்மணி, உங்களுக்கும் பருப்பு முட்டை எல்லாம் வேணும். பசங்க எடை ஏறாம சோந்து சோந்து படுத்தாங்கன்னா மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒருக்கா காட்டீருங்க.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்குனாத்தான் லாபமுங்களா? (கோபிச்செட்டிபாளையம் வாசகி)

பதில்: எப்பவும் இல்லைங்க. பாக்கெட்டுல எம்ஆர்பி பக்கத்துல கிராமுக்கு இத்தனை, மில்லிக்கு இத்தனைன்னு போட்டிருப்பாங்க, அதை வெச்சு சின்னதையும் பெருசையும் ஒப்பிடுங்க. எண்ணெய்ல ரொம்ப கவனம் வேணும், 1 லிட்டர்னா எடை 910 கிராம் வாக்குல இருக்கோணும், ஆனா பாக்கறதுக்கு அதே சைஸ்ல 850 கிராம், 750 கிராம் பாக்கெட்டும் அடுக்கி வெச்சிருக்கறாங்க. பயறு மட்டும் மொத்தமா வாங்குனா வெயில்ல நல்லா காயவெச்சு டப்பால போடுங்க, இல்லீன்னா வண்டு வந்துரும்.