ஆறட்டும், அப்புறம் கட்டுங்கள்: கிறிஸ்துமஸ் ஹாம்பர் கேள்வி-பதில்

டிசம்பர் பிறந்தாலே கடிதங்கள் குவியும். இந்த முறை முக்கால்வாசி ஒரே விஷயம்: வீட்டிலேயே பலகாரம் செய்து, கிஃப்ட் ஹாம்பராகக் கட்டிக் கொடுப்பது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது? எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க முடியவில்லை. (நாகர்கோவில்)

ஒரே வாரத்தில் முடிக்கவும் கூடாது. நாள்பட இருப்பதில் தொடங்கி, சீக்கிரம் கெடுவதில் முடியுங்கள். கல்கல் (மைதா மாவைச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகு பூசியது), டைமண்ட் கட் இரண்டும் மூன்று வாரம் தாங்கும், 10-ஆம் தேதி வாக்கில் செய்து சம்படத்தில் போட்டுவிடலாம். முறுக்கு, அச்சு முறுக்கு இரண்டு வாரம், ஆகவே 14, 15-க்கு மேல். முந்திரிக்கொத்து உங்கள் ஊர்ப் பலகாரம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: தேங்காய்த் துருவலை ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கும்வரை வறுக்காவிட்டால் நாலாம் நாளே வாடை வந்துவிடும். அதிரசம் 20-க்கு மேல். தேங்காய் பர்ஃபி 23-ஆம் தேதி. ரம் ஊறிய கேக்கை இப்போதே சுட்டு வைக்கலாம், ரம் இல்லாத கேக் 21, 22-இல்தான்.

செய்த அன்றே டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். ஞாபகத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இருக்காது.

போன வருடம் கேக்கில் பூசணம் பிடித்துவிட்டது. ஏன்? (திருச்சி)

எந்தக் கேக், எப்போது சுட்டீர்கள், எதில் சுற்றினீர்கள், எத்தனை நாள் கழித்துப் பூசணம் வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? பத்துக்கு எட்டு வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். கேக் மேலே தொட்டால் ஆறினாற்போல இருக்கும், நடுவில் சூடு இருக்கும். அப்போதே சுற்றி மூடிவிடுவார்கள். அந்தச் சூடு ஆவியாகி, உள்ளே வியர்த்து, ஈரமாகத் தங்கிவிடும். பூசணத்துக்கு அது போதும். ஒரு கிலோ பிளம் கேக் முழுசாக ஆற ஓர் இரவு வேண்டும். முறுக்குக்கும் இதே சட்டம்தான். ஆறட்டும், அப்புறம் கட்டுங்கள்.

பிளம் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றினால் போதுமா? பழம் ஊறப்போட இனி நேரம் இருக்கிறதா? (கோயம்புத்தூர்)

நேராக அலுமினியத் தாளில் சுற்றக் கூடாது. உலர்ந்த பழத்தின் புளிப்பு அந்தத் தாளை அரிக்கும். நாள்பட வைக்கும் கேக்கில் இது கண்ணுக்கே தெரியும், தாளில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். முதலில் இரண்டு சுற்று பட்டர் பேப்பர், அதற்கு மேல் அலுமினியத் தாள்.

பழத்துக்கு நேரம் இருக்கிறது. ஒரு கிலோ பழக் கலவையை ஒரு டம்ளர் ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ போட்டு, மிகச் சிறிய தீயில் சாறு இழுக்கும்வரை வைத்து, ஓர் இரவு மூடி வையுங்கள். இரண்டு மாதம் ஊறிய ஆழம் வராது, நல்ல கேக் வரும். ஆரஞ்சுச் சாற்றில் ஊறியதை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே கேக்காக்கிவிடுங்கள்.

அச்சு முறுக்கு இரண்டே நாளில் நமத்துப்போகிறது. (தூத்துக்குடி)

வடகிழக்குப் பருவமழைக் காற்று, அதிலும் கடலோர ஊர். மழை பெய்யும் நாளில் சுடாதீர்கள். எண்ணெய் வடிந்து, ஆறிய அரை மணிக்குள் சம்படத்தில் போட்டு மூடுங்கள். உங்கள் ஊர் மக்ரூனுக்கு இது இன்னும் முக்கியம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்தது, வெளிக்காற்று பட்டால் கையில் ஒட்டும்.

கல்கல் மேல் சர்க்கரை வெள்ளையாகப் படியவில்லை, பிசுபிசுக்கிறது. (மதுரை)

பாகு பதம் போதவில்லை. கெட்டிப் பாகில் கல்கலைக் கொட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு, கை ஓயாமல் கிளறுங்கள். பாகு பூத்து வெள்ளையாகும். பூப்பதற்குள் கிளறுவதை நிறுத்தினால் பிசுபிசுப்புத்தான்.

அத்தைக்கும் மாமாவுக்கும் சர்க்கரை வியாதி. அவர்களுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல், கருப்பட்டியில் செய்து தனி ஹாம்பர் கட்டலாமா? (பாளையங்கோட்டை)

கட்டுங்கள். ஆனால் "சர்க்கரை இல்லாதது" என்று எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான், வெல்லமும் அப்படியே, தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உடன்குடிக் கருப்பட்டியின் ருசிக்கு ஈடில்லை, அந்த ருசிக்காகச் செய்யுங்கள். மருந்து என்று நினைத்து அத்தை நாலு அதிரசம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அவர்களுக்கு வறுத்த முந்திரி, மிளகு போட்ட பாதாம், நல்ல காபித்தூள், வீட்டில் பொடித்த இட்லிப் பொடி என்று வையுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு துண்டு கேக்.

திராட்சை ஒயின் வீட்டிலேயே போட்டு ஹாம்பரில் வைக்க ஆசை. (சென்னை)

வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகம் என்பது சாக்காகாது. நொதிப்பு அடங்காத ஒயினை இறுக மூடினால் பாட்டில் வெடிக்கவும் செய்யும். திராட்சை ஸ்குவாஷ் வையுங்கள், குழந்தைகளும் குடிப்பார்கள்.

ஹாம்பரைப் பார்க்க அழகாகக் கட்டுவது எப்படி? கூடை, கலர் காகிதச் சுருள், செலோஃபேன், ரிப்பன் எல்லாம் வாங்கிவிட்டேன். உள்ளே என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. (வேலூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு டிசம்பரும் காத்திருக்கிறேன். கூடையை முதலில் வாங்கிவிட்டுப் பலகாரத்தை அப்புறம் யோசிப்பது தலைகீழ் வேலை. முழங்கை நீளக் கூடை, அடியில் முக்கால் பங்கு காகிதச் சுருள், மேலே மிதப்பதுபோல நாலு முறுக்கும் ஒரு சின்னக் கேக்கும். கொடுப்பவருக்கு எத்தனையோ ரூபாய் செலவு, வாங்குபவர் வீட்டில் மறுநாள் குப்பைத் தொட்டி நிறைகிறது. அது மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். அந்தக் கலர் சுருள் உணவுக்கென்று செய்தது இல்லை. அதிரசத்தின் எண்ணெய் பட்டதும் சிவப்பும் பச்சையும் இளகி அதிரசத்தில் ஏறுகிறது. ஒரு முறை ஒருவர் கொடுத்த கூடையைப் பிரித்தேன். கல்கலின் ஒவ்வொரு வரிப்பள்ளத்திலும் கிளிட்டர் மின்னியது, ஊதினாலும் போகவில்லை. தெர்மோகோல் மணிகளும் அப்படித்தான், சர்க்கரைப் பூச்சில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. அத்தனை பலகாரத்தையும் கொட்டத்தான் வேண்டியிருந்தது. மாவு பிசைந்து, முள்கரண்டி முதுகில் ஒவ்வொன்றாகச் சுருட்டி எடுத்த கைக்கு இது என்ன மரியாதை?

அடுத்தது செய்தித்தாள். எண்ணெய் உறிஞ்சட்டும் என்று முறுக்குக்கு அடியில் விரிக்கிறார்கள். அச்சு மை உணவில் இறங்கும். செய்தித்தாளில் உணவைக் கட்டவோ வைக்கவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2018 பேக்கேஜிங் விதிமுறைகளிலேயே இருக்கிறது. வெள்ளை டிஷ்யூ அல்லது பட்டர் பேப்பர் விரியுங்கள்.

செலோஃபேனும் பகட்டுத்தான். கண்ணாடிபோலத் தெரிகிறது என்று ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிடுகிறார்கள், எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கிறது. ஒரே செலோஃபேனுக்குள் பூண்டு முறுக்கும் கேக்கும் சேர்ந்தால், கேக் முழுக்கப் பூண்டு மணக்கும். காரம் தனி, இனிப்பு தனி, கேக் தனி, ஒவ்வொன்றும் தன் உறையில் அல்லது டப்பாவில் இருக்க வேண்டும்.

சரி, எதில்தான் கட்டுவது? நம்மிடம் பனை ஓலைப்பெட்டி இருக்கிறதே! மணப்பாட்டுப் பெண்கள் மூடியோடு முடைகிற பெட்டியைவிட அழகான கிறிஸ்துமஸ் பெட்டியை எனக்குக் காட்டுங்கள். செட்டிநாட்டுக் கொட்டானும் அழகு. ஆனால் சாயம் ஏற்றிய ஓலையில் பலகாரம் நேராகப் படக் கூடாது. புதுப் பெட்டியை ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். ஓலைக்குள் காற்று புகும், ஆகவே மொறுமொறுப்பானவை உள்ளே தனி உறையில்தான் இருக்க வேண்டும். ஓலை கிடைக்காத ஊரென்றால் எவர்சில்வர் சம்படம், பண்டிகை முடிந்ததும் அவர்கள் வீட்டில் பருப்பு டப்பாவாகும்.

அடுக்கும் முறை இதுதான்: அடியில் ஜாம் பாட்டிலும் கேக்கும், நடுவில் முந்திரிக்கொத்து, உச்சியில் அச்சு முறுக்கு. இடைவெளி இருந்தால் கல்கல் பொட்டலத்தைச் செருகுங்கள். காகிதச் சுருள் தேவையே இல்லை.

பத்து வீடு. வீட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் முடியாது. (சேலம்)

தாராளமாக முடியும். ஒரு கிலோ மைதாவில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கல்கல் வரும், பத்து வீட்டுக்கு ஆளுக்கு 150 கிராம். முந்திரி அதிகம் தின்னும் பலகாரத்தை விடுங்கள். மூன்று வகை போதும்: கல்கல், முறுக்கு, கால் கிலோ கேக். எட்டு வகையைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுப்பதைவிட மூன்றை வயிறாரக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் சைவம், எதிர் வீட்டில் இஸ்லாமியர்கள். எல்லோருக்கும் ஒரே ஹாம்பர் கொடுக்கலாமா? (திருநெல்வேலி)

கூடாது. முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம் இது. சைவ வீட்டுக்கு முட்டை சேராத கேக், அச்சு முறுக்கும் முட்டை இல்லாமல். இஸ்லாமிய வீட்டுக்கு ரம் படாதது, ஜெலட்டின் உள்ள மார்ஷ்மெலோவையும் தவிருங்கள். ஒரே கரண்டி, ஒரே தட்டு என்று புழங்காமல், இவர்களுக்கானதை முதலில் செய்து எடுத்து வைத்துவிடுங்கள். முட்டை, ரம், முந்திரி, கடலை எதில் இருக்கிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். சிலருக்குக் கடலை, முந்திரி ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும். கூடவே தேதியும். ஒரு வயதுக்குள் குழந்தை இருக்கிற வீடென்றால் தேன் பாட்டில் மேல் "குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்" என்று தனியாக எழுதுங்கள்.

மகன் லண்டனில் இருக்கிறான். என்ன அனுப்பலாம்? மகள் சென்னையில். (மார்த்தாண்டம்)

லண்டனுக்குப் பால்கோவா, நெய் பாட்டில், இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் பிரிட்டனில் தடை. கல்கல், முறுக்கு, டைமண்ட் கட் போதும். பார்சல் படிவத்தில் உள்ளே இருப்பதை அப்படியே எழுதுங்கள். சென்னைக்கு ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டால் மறுநாள் காலை போய்விடும். முறுக்கு நொறுங்காமலிருக்க டப்பாவை ஆட்டிப் பாருங்கள், உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி பஸ் பிடிக்கிற அவசரத்தில் சூட்டோடு அடைக்காதீர்கள். ஆறட்டும்.

எல்லோரும் பாராட்டுகிறார்கள். அடுத்த வருடம் விற்கலாமா? (ஈரோடு)

விற்கலாம். வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். டிசம்பரில் ஓடாதீர்கள், ஆகஸ்டிலேயே போடுங்கள்.