பத்துக் கோடி ஆண்டுப் பசி

அன்புள்ள ஐயா,

கடலடி மண்ணில் பத்துக் கோடி ஆண்டுகளாகப் புதைந்திருந்த நுண்ணுயிர்கள், உணவு கொடுத்ததும் பெருகின என்று தாங்கள் எழுதியிருந்ததை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். “அவை விதையைப் போல உறங்கினவா, உயிரோடுதான் இருந்தனவா?” என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

அந்த மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். விதை என்ற உவமை இங்கே பொருந்தாது என்றே நான் கருதுகிறேன்.

2010இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல், தென் பசிபிக்கின் நடுவே, 3,700 முதல் 5,700 மீட்டர் ஆழ நீருக்கு அடியிலிருந்து வண்டலைக் குழாய்களில் எடுத்தது. எந்தக் கரைக்கும் எட்டாத அப்பகுதியில் மேல்நீரிலேயே உயிர்கள் மிகக் குறைவு என்பதால், அடியில் வந்து விழும் இரையும் சொற்பம். கடல்தரைக்குக் கீழே ஏறத்தாழ 75 மீட்டரில் கிடைத்த களிமண்ணின் வயது 10.15 கோடி ஆண்டுகள். அதாவது ஒரு மில்லிமீட்டர் மண் சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர் யூக்கி மொரோனோவும் அவருடைய குழுவினரும், எடை கூடிய கார்பன், நைட்ரஜன் அணுக்களால் அடையாளமிட்ட உணவை அம்மண்ணுக்கு ஊட்டி, அந்த அணுக்கள் செல்களுக்குள் சேர்கின்றனவா என்று ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவுகளின்படி, பெரும்பாலான செல்கள் உண்டிருந்தன. சில மாதிரிகளில் 68 நாட்களுக்குள் எண்ணிக்கை பத்தாயிரம் மடங்குவரை உயர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை, தடித்த ஓட்டுக்குள் வித்தாகச் சுருங்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவையும் அல்ல.

உறக்கம் ஏன் போதாது என்றால், யாரும் தொடாமல் வைத்தாலும் உயிர்ப்பொருள் கெடும். புரதத்தின் அமினோ அமிலங்கள் தாமாகவே, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, இடவலம் மாறுகின்றன, டிஎன்ஏவின் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. செப்பனிடாத செல் கோடி ஆண்டுகளில் சிதைந்தே போகும். வளரவோ பெருகவோ வழியில்லாமல், வருகிற கூலி முழுவதையும் ஒழுகும் ஓடுகளை மாற்றுவதற்கே செலவிடும் குடும்பத்தைப் போல அவை வாழ்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கூலி எவ்வளவு? ஒரு வாட்டை, ஒன்றுக்குப் பின் 21 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பதைவிடக் குறைந்த ஆற்றலிலும் கடலடியில் சில செல்கள் வாழக்கூடும் என்று ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆய்வாளரும் பிறரும் 2020இல் கணக்கிட்டார்கள். எஞ்சிய பழைய கரிமப் பொருளை ஆக்சிஜனைக் கொண்டு எரித்து இந்த ஆற்றலை அவை பெறுகின்றன (‘பெறுகிறார்கள்’ என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அவை எனக்கு நெருக்கமாகிவிட்டன!). தென் பசிபிக்கில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. உண்பவர்கள் அவ்வளவு குறைவாகவும் மெதுவாகவும் உண்பதால், அது வண்டல் முழுவதையும் கடந்து அடிப்பாறைவரை இறங்குகிறது. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு நீரைப் பிளந்து தரும் ஹைட்ரஜனும் ஓர் உணவாகலாம்.

ஒன்றை மட்டும் மாணவியிடம் பிரித்துச் சொல்லுங்கள். 10.15 கோடி ஆண்டு என்பது மண்ணின் வயது, செல்லின் வயதல்ல. அக்களிமண்ணின் இடுக்குகள் செல்லைவிடச் சிறியவை என்பதால் பின்னாளில் எதுவும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ஆகவே அவை அன்று புதைந்தவையாகவோ, புதைந்தவை மிக அரிதாகப் பிளந்து உண்டான வழித்தோன்றல்களாகவோ இருக்க வேண்டும், இரண்டில் எது என்பது இன்னும் தீரவில்லை.