பழைய காமிக்ஸ், கார்ட்டூன்களைப் படமாக எடுக்கும்போது சில மட்டும் ஓடுகின்றன, பல ஊற்றிக்கொள்கின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு டிவிடியைக் கையில் திணித்து, "நம்ம கேப்டன் டைகர் படம்டா, பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடு" என்றார். அன்று ராத்திரியே சித்தப்பா வீட்டில் போட்டோம். நானும் சித்தப்பா பையனும். இரண்டு பேருமே டைகரின் 'தங்கக் கல்லறை' காமிக்ஸை அட்டை கிழியக் கிழியப் படித்தவர்கள். படம் ஓட ஆரம்பித்து முக்கால் மணி நேரம் இருக்கும், தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இதுல டைகர் எப்பண்ணே வருவாரு?"

அதுவரை திரையில் வந்துகொண்டிருந்தவர்தான் டைகர்.

லயன், முத்து என்ற தமிழ் காமிக்ஸ் இதழ்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம் கேப்டன் டைகரின் நிஜப் பெயர் லெப்டினன்ட் புளூபெரி. ஜான் மிஷெல் ஷார்லியே எழுதி, ஜான் ஜிரோ வரைய, 1963-ல் பிரான்சின் 'பிலோட்' பத்திரிகையில் பிறந்தவர். சப்பை மூக்கு, அழுக்குச் சட்டை, மேலதிகாரி சொன்னால் நேர் எதிராகச் செய்யும் குதிரைப்படை ஆள். அந்தக் கதைகளில் புழுதி நம் தொண்டையில் இறங்கும். சூழ்ச்சிக்குள் சூழ்ச்சி, அதற்குள் ஒரு துரோகம் என்று ஷார்லியே கடிகாரம் மாதிரிப் பூட்டி வைத்திருப்பார். 2004-ல் யான் கூனென் இயக்கி, வின்சென்ட் கசெல் நடித்து வந்த படத்தில் அந்தக் கடிகாரத்தையே காணோம். தங்கச் சுரங்கம் இருக்கிறது, மலை இருக்கிறது. ஆனால் கடைசியில் கதாநாயகன் ஒரு மூலிகைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு மயங்க, வண்ண வண்ணமாக என்னென்னவோ திரையில் நெளிகிறது, நெளிகிறது, நெளிந்துகொண்டே இருக்கிறது. தம்பி தூங்கிவிட்டான்.

பின்னால்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஜிரோவுக்கு இன்னொரு முகம் உண்டு. மோபியஸ் என்ற பெயரில் அவர் வரைந்தவை முழுக்கக் கனவும் மாயமுமான உலகங்கள். படம் எடுத்தவர் ஷார்லியேயை விட்டுவிட்டு மோபியஸைப் படமாக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனிப் படமாகப் பார்த்தால் அதிலும் ஒரு அழகு இருக்கலாம். ஆனால் போஸ்டரில் 'புளூபெரி' என்று போட்டு அல்லவா கூப்பிட்டார்கள்?

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ராத்திரியில் ஆரம்பித்ததுதான். விக்கிரமாதித்தன் கதையில் ஒரு நிபந்தனை உண்டே, ராஜா வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும் என்று. ஒவ்வொரு நல்ல காமிக்ஸுக்குள்ளும் அப்படி ஒரு எழுதாத நிபந்தனை இருக்கிறது. உடை, முடி, ஊர், காலம் எதை மாற்றினாலும் வாசகன் பொறுத்துக்கொள்வான். அந்த நிபந்தனையை மீறினால் வேதாளம் மரத்தில்தான். அநேகமாக எல்லாத் தோல்விகளிலும், படம் எடுத்தவருக்கு அந்த நிபந்தனை எது என்றே தெரிந்திருக்காது. அல்லது தெரிந்தும் 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று வெட்கப்பட்டிருப்பார்.

நம்ம இளவரசி, காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைசியைப் பாருங்கள். 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'தான். மாடஸ்டிக்கும் அவள் கூட்டாளி கார்வினுக்கும் நடுவே இருப்பது உயிரைக் கொடுக்கும் நட்பு, காதல் கிடையாது. அவன் அவளை 'இளவரசி' என்று கூப்பிடுவதிலேயே அந்தத் தூரமும் நெருக்கமும் இருக்கிறது. கதையை எழுதிய பீட்டர் ஓடொன்னல் கடைசி வரை இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 1966-ல் ஜோசப் லோசி இயக்கத்தில் மோனிகா விட்டி நடித்து வந்த படத்தில் இருவரும் டூயட் பாடுகிறார்கள்! நாம ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தோம் என்கிற ரீதியில். போச்சா? வேதாளம் ஏறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் படத்துக்கு முதல் திரைக்கதை எழுதியவரே ஓடொன்னல்தான். அதை ஆளாளுக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். அவர் தன் கதையை நாவலாக்கினார். நாவல் 1965-லேயே, படத்துக்கு முன்னால், வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு நாவல் வரிசையே கிளம்பி முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. படம்? நம்மைப் போன்ற ஆட்கள் திட்டுவதற்காகத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

கவ்பாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லருக்கும் 1985-ல் இத்தாலியில் ஒரு படம் வந்தது. டெக்ஸாக நடித்தவர் ஜூலியானோ ஜெம்மா, பொருத்தமான முகம்தான். எத்தனையோ நல்ல துப்பாக்கிக் கதைகள் இருக்க, மந்திரக் கல், மம்மி என்று ஒரு அமானுஷ்யக் கதையைப் பொறுக்கி எடுத்தார்கள். தொடர்ந்து டிவியில் நீட்டலாம் என்ற திட்டம் அத்தோடு படுத்துவிட்டது. அவ்வளவுதான், அதைப்பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் 'மூலத்துக்கு உண்மையாக இருந்தால் ஓடும்' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்வீர்கள். அங்கேதான் சிக்கல். லயன்–முத்துவில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் நாம் படித்த முகமூடி வீரர் ஃபேன்டம் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1936-ல் லீ ஃபாக் உருவாக்கியவர். 1996-ல் ஹாலிவுட் அவரைப் படமாக்கியபோது வெட்கப்படவே இல்லை. கருப்புத் தோல் உடைக்கு மாற்றாமல் அதே ஊதா உடை, வெள்ளைக் குதிரை, ஓநாய், மண்டையோட்டுக் குகை, சிங் கடற்கொள்ளையர் எல்லாம் உண்டு. கதையையும் 1930-களிலேயே வைத்தார்கள். பில்லி ஸேன் அந்த வேடத்துக்காக உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு குறை: காமிக்ஸில் வேதாளரின் கண்மணிகள் நமக்குத் தெரியவே தெரியாது, முகமூடிக்குள் இரண்டு வெள்ளைத் துண்டுகள்தான். படத்தில் கண் தெரிகிறது, போதாக்குறைக்கு முகமூடி இல்லாத முகமும் தெரிகிறது. அந்தப் பயமும் மர்மமும் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. ஆனாலும் அன்போடு எடுத்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சுமார் நாலரைக் கோடி டாலரில் எடுத்த அந்தப் படம் அமெரிக்காவில் வசூலித்தது ஒன்றே முக்கால் கோடி டாலர் அளவுக்குத்தான். காரணம் திரையில் இல்லை, தியேட்டருக்கு வெளியே இருக்கிறது. 1996-ல் அமெரிக்கப் பையனுக்கு வேதாளர் யாரென்றே தெரியாது. அவன் தாத்தாவுக்குத்தான் தெரியும். படம் வந்த அதே ஜூன் 7 அன்று 'தி ராக்' என்ற ஆக்‌ஷன் படம் வேறு ரிலீஸ். வேதாளருக்காக உயிரை விடும் ஜனம் அப்போது இருந்தது ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இந்தியாவிலும். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸை ஆரம்பித்ததே வேதாளரை வைத்துத்தான். ஆனால் ஹாலிவுட் கணக்குப் போடுவது நம் பாக்கெட்டைப் பார்த்தா?

ஆகவே ஓடுவது வேறு, நன்றாக இருப்பது வேறு. 2008-ல் வந்த 'ஸ்பீட் ரேசர்' ஜப்பானியக் கார்ட்டூனின் வண்ணத்தையும் வேகத்தையும் அப்படியே திரையில் கொட்டியது. பன்னிரண்டு கோடி டாலர் போட்டு, போட்டதைக்கூட எடுக்கவில்லை. இப்போது அதைக் கொண்டாட ஒரு கூட்டம் இருக்கிறது, அது வேறு கதை. 2011-ல் 'ஸ்மர்ஃப்' படம் அந்த நீலக் குட்டி மனிதர்களைக் காட்டிலிருந்து பிடுங்கி நியூயார்க்கில் நட்டது. பழைய வாசகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஐம்பது கோடி டாலருக்கு மேல் வசூல்! ஐந்து வயதுக் குழந்தைக்கு நீலமாக ஏதாவது ஓடினால் போதும். கூடவே அப்பா அம்மாவும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பழைய காமிக்ஸை நினைத்து உருகுகிற நாற்பது வயதுக்காரர்களை மட்டும் நம்பிப் பெரிய பட்ஜெட் படம் எடுக்க முடியாது என்பது கசப்பாக இருந்தாலும் உண்மை. நாங்கள் இணையத்தில் சத்தம் போடுவோம், எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான்.

நன்றாகவும் இருந்து, ஓடவும் செய்த படம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது, அலன் ஷபா 2002-ல் எடுத்த ஆஸ்டரிக்ஸ்–கிளியோபாட்ரா படம். பிரான்சில் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, சப்டைட்டிலோடுதான் பார்த்தேன். பாதிச் சிலேடை என் தலைக்கு மேலே போனது. இருந்தும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோசினி எழுதி, யுதெர்சோ வரைந்த ஆஸ்டரிக்ஸ் காமிக்ஸில் நிபந்தனை என்ன? ரோமாபுரிக் காலத்தைக் காட்டிக்கொண்டே தன் காலத்து பிரான்சைக் கிண்டல் செய்வது. கோசினி 1960-களின் பிரான்சைக் கிண்டலடித்தார். ஷபா அந்த ஜோக்குகளை மட்டும் அப்படியே ஒப்பிக்காமல், தன் காலத்து டிவியை, விளம்பரத்தை, கட்டட கான்ட்ராக்டர்களை, ஜனங்களின் பேச்சைக் கிண்டலடித்தார். ஜமெல் தெபூஸ் நடித்த அந்தக் கட்டடக் கலைஞன் பாத்திரம் எகிப்தில் நிற்கிறதா, பாரிஸ் புறநகரில் நிற்கிறதா என்றே தெரியாது. வார்த்தைக்கு வார்த்தை விசுவாசம் இல்லை, ஆனால் கோசினி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அதே தொடரில் 2008-ல் ஒலிம்பிக் கதையை எடுத்தார்கள். செலவு எழுபது கோடி யூரோ இல்லை, ஏழரைக் கோடி யூரோவுக்கு மேல் (எனக்கு இந்தக் கோடிக் கணக்கில் எப்போதும் ஒரு சைபர் தடுக்கும்). கால்பந்து வீரர் ஸிடான் வருகிறார், கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் வருகிறார், கூடைப்பந்து வீரர் டோனி பார்க்கர் வருகிறார். ஜோக் மட்டும் வரவில்லை. கல்யாண வீட்டில் வி.ஐ.பி.க்கள் வரிசையாக மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்களே, படத்தின் கடைசிப் பகுதி அப்படித்தான் இருந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

டின்டின் எனக்கு நடுவில் நிற்கிறது. ஸ்பீல்பெர்க் 2011-ல் எடுத்த படம் இந்தியாவில் நவம்பரிலேயே வந்துவிட்டது, அமெரிக்காவில் டிசம்பரில்தான். உலக வசூல் முப்பத்தேழு கோடி டாலர் அளவு. அதில் அமெரிக்காவின் பங்கு எட்டுக் கோடிகூட இல்லை. டின்டினைத் தெரிந்த தேசங்கள்தான் தூக்கி நிறுத்தின. முதல் காட்சியில் சந்தையில் ஒரு தெரு ஓவியர் டின்டினை வரைந்து காட்டுவார், அந்தப் படம் அசல் காமிக்ஸ் முகமாக இருக்கும். வரைபவர் சாயல், டின்டினை உருவாக்கிய ஹெர்ஜேவேதான். தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அங்கேயே பிரச்சினையும் தெரிந்தது. ஹெர்ஜேயின் டின்டினுக்கு முகமே கிடையாது: இரண்டு புள்ளி, ஒரு புருவக் கீறல். அந்த வெற்றிடத்தில்தான் வாசகன் தன்னை வைத்துக்கொள்வான். படத்தில் அதற்கு சருமத் துவாரம், கன்னச் சிவப்பு எல்லாம் வந்ததும், யாரோ ஒரு அந்நியப் பையன் ஆகிவிட்டான். கேப்டன் ஹாடக்குக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் அவர் காகிதத்திலேயே தாடியும் கோபமும் கொண்ட முழு மனிதர்.

என் நிபந்தனைக் கொள்கைக்கு எதிர்சாட்சியும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சார்லஸ் ஷுல்ஸின் காமிக்ஸை வைத்து 2015-ல் வந்த 'பீனட்ஸ்' படம். அதன் நாயகன் சார்லி பிரவுன் ஏங்கும் அந்தச் சிவப்பு முடிப் பெண்ணின் முகத்தை ஷுல்ஸ் ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூட வரைந்து காட்டவில்லை. படம் அவளைக் காட்டியது, பேசவும் வைத்தது, சார்லியை ஜெயிக்கவும் வைத்தது. நான் முணுமுணுத்தேன், பக்கத்து சீட்டில் என் மகள் கைதட்டினாள். கதை எழுதியவர்களில் ஷுல்ஸின் மகனும் பேரனும் உண்டு, ஆகவே மீறுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோடு மற்ற எல்லாவற்றிலும் அசாத்திய ஒழுக்கம். கம்ப்யூட்டரில் செய்த படம்தான். ஆனால் கண்ணும் புருவமும் வாயும் பேனாக் கீறலாகவே இருந்தன. தலையும் ஷுல்ஸ் வரைந்த கோணங்களில்தான் திரும்பும், நடுவில் வழுக்கிக்கொண்டு போகாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை (வேதாளரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர் வேறு மாயாவி) யாராவது ஒழுங்காகப் படமாக்கினால் எப்படி இருக்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை சண்டை நடக்கும். இது 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய கதை. இன்றைய கிராஃபிக்ஸ்காரர்கள் கையில் கொடுத்தால் அந்த இரும்புக்கையிலிருந்து நூறு விதமான கதிர் பாய்ச்சுவார்கள், நிச்சயம். அதில் எனக்கு அக்கறை இல்லை. என் கவலை ஒன்றே ஒன்று: மாயாவி மறைய வேண்டுமென்றால் மின்சாரம் வேண்டும். உடம்பில் ஷாக் ஏறினால்தான் மறைவார். மறைந்தாலும் அந்த ஒற்றைக் கை மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த பிளக் பாயின்ட் எங்கே என்று அவர் தவிக்கும் தவிப்புதான் கதையே. அதை எடுத்துவிட்டு 'நினைத்தால் மறைவார்' என்று வைத்தால் நான் தியேட்டர் பக்கம் போக மாட்டேன்.

நாங்கள் அதைப் படித்ததே மண்ணெண்ணெய் விளக்கில்தான். கரண்ட் போன ராத்திரிகளில் தம்பி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வான்: "நல்லவேளைண்ணே, மாயாவி நம்ம தெருவுல இல்ல."