வீடுகளை ஆய்வு செய்யும் பணிக்கு மாறலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் எனக்கு வயது 35, கட்டடப் பொறியியல் படித்தவன் அல்லன். குடியிருப்பு வீடுகளை ஆய்வு செய்யும் சர்வேயர் பணிக்கு நான் மாற இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். இங்கிலாந்திலோ, வீடு வாங்குபவருக்காகக் கூரை முதல் தரை வரை பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் 1 (நல்ல நிலை) முதல் 3 (உடனே கவனிக்க வேண்டியது) வரை நிலைக்குறியீடு இட்டு அறிக்கை தருபவருக்கும் அதுவே பெயர். 1868-இல் தொடங்கப்பட்ட, சர்வேயர்களின் தொழில்முறைச் சங்கமான ஆர்.ஐ.சி.எஸ். அமைப்பின் உறுப்பினராவதற்கு அதன் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு ஒரு வழி. வேலை பார்த்தபடியே படிக்கக்கூடிய, குடியிருப்பு ஆய்வுக்கான டிப்ளமோ மற்றொரு வழி. பிந்தையதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால், சான்றிதழ் மட்டும் போதாது. விக்டோரியா காலத்துச் செங்கல் வீடொன்றின் அடிச்சுவர் ஈரமாக இருந்தால், ஈரமானி காட்டும் எண்ணை எழுதிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது; வெளியே சென்று, தோட்டத்து மண் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேல் ஏறிவிட்டதா, மரத்தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வைத்த துளைச்செங்கற்கள் அடைபட்டுள்ளனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும் குடும்பம் உங்கள் சொல்லை நம்பித்தான் கையெழுத்திடுகிறது. பணம் கட்டிப் படிப்பில் சேருவதற்கு முன்பு, அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவரின் அனுமதி பெற்று, அவருடன் இரண்டு மூன்று வீடுகளுக்காவது சென்று வாருங்கள்.