பட்டணத்துத் திருட்டு, பட்டித் திருட்டு

கேள்வி: சென்னையில் தினமும் வழிப்பறி, பைக் திருட்டு என்று செய்தி வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வழக்கே குறைவு. கிராமம் அவ்வளவு பத்திரமா?
– வாசகர், எட்டயபுரம்

பதில்: பதிவான வழக்கு வேறு, நடந்த குற்றம் வேறு. பைக் போனால் உரிமையாளர் எப்படியும் காவல் நிலையம் போவார், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது. ஆனால் காப்பீடு இல்லாத இரண்டு ஆடு போனால்? அலைகிற நாளின் கூலியும் சேர்ந்து போகும் என்று விட்டுவிடுவார்கள். வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, கிணற்றுப் பங்கில் வந்த அடிதடி எல்லாம் ஊர்க்கூட்டத்திலேயே பேசி முடிக்கப்படும், கை மீறி வெட்டுக்குத்து ஆகும் வரை. பட்டணத்தில் திருடுபவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர். கிராமத்துச் சண்டையில் எதிராளி பக்கத்துக் காட்டுக்காரர். புகார் கொடுத்தபின் அவர் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும்.

கணக்கிடும் முறையும் ஒரு காரணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுகிறது. பெருநகரங்களின் குற்ற விகிதத்தை 2011 மக்கள்தொகையால் வகுக்கிறது. அதற்குப்பின் ஊர் எவ்வளவு பெருத்ததோ, அவ்வளவுக்கு விகிதம் உப்பித் தெரியும்.

கேள்வி: ஆடு களவு போனால் மீட்க வழி உண்டா?
– வாசகர், அய்யலூர்

பதில்: முதல் 2, 3 நாட்கள்தான் வாய்ப்பு. களவு ஆட்டைக் கட்டித் தீனி போட மாட்டார்கள். அடுத்த சந்தைக்கோ கறிக்கடைக்கோ தள்ளிவிடுவார்கள். உங்கள் ஊரில் வியாழன் சந்தை, எட்டயபுரத்தில் சனிக்கிழமை. விடியுமுன் சந்தை வாசலில் நில்லுங்கள். விடிந்து போனால் ஆடு கைமாறியிருக்கும். அடையாளம் காட்ட முன்கூட்டியே ஒவ்வொரு ஆட்டுக்கும் மூன்று படம் எடுத்து வையுங்கள்: முகம், இரு பக்கவாட்டு. காதுத் தோட்டை மட்டும் நம்ப வேண்டாம், அறுத்து எறிவார்கள். ஆனால் காதில் புதுக்காயத்தோடு நிற்கிற ஆடு சந்தையில் சந்தேகத்துக்கு உரியதுதான்.

புகாரில் எண்ணிக்கை, நிறம், கொம்பு, சினையா, மதிப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கியதற்கான சீட்டு) அனுப்பினால் திருப்தி அடையாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். நகல் இலவசம்.

கேள்வி: பேருந்தில் போன் பறிபோனது. முதலில் என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: பணத்தைப் பூட்டுவதுதான் முதல் வேலை. வேறு போனிலிருந்து சேவை நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள். வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பலர் புகார் எழுதி முடித்துவிட்டு மாலையில் அழைக்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்கு தாண்டியிருக்கும்.

பிறகு புகார் நகல், அடையாள அட்டையோடு திருட்டுப் போன்களை முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் அடையாள எண்) முடக்குங்கள். அந்த 15 இலக்க எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி எழுதி வைப்பது நல்லது. இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அதனால் அந்தத் தளத்தின் ஓ.டி.பி.க்கு வீட்டில் வேறொருவர் எண்ணைக் கொடுங்கள்.

கையிலிருந்து பறித்தார்களா, பையிலிருந்து தெரியாமல் எடுத்தார்களா என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் பறிப்பு தனிக் குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு. ‘காணாமல் போனது’ என்று எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகர், ஆவடி

பதில்: 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் வந்தபின் புறநகரில் இந்தக் குழப்பம் சகஜம். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவின்படி எல்லை எதுவானாலும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தில் புகாரை வாங்கிப் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். இணையம் வழி அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திடுங்கள். மறுத்தால் மாவட்டத்தில் எஸ்.பி.க்கு, நகரத்தில் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால்.